உறவும் வேண்டும், வரம்பும் வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



“கூட்டுக் குடும்பம் உடைந்தது, எல்லாம் கெட்டது.” நம்மவர்கள் கூடும் எந்த மேடையிலும் இந்த வாக்கியம் ஒருமுறையாவது காதில் விழுந்துவிடுகிறது. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆனால் மலேசியத் தமிழர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தோம்? தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. அண்ணன் தம்பி நால்வர் மனைவி மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ அங்கே இடம் ஏது?

நம்மிடம் இருந்தது வேறு ஒன்று. பெரியப்பா வீடு அதே லயத்தில் மூன்றாவது கதவு. அத்தை வீடு எதிர் லயம். மாமா வீடு அடுத்த டிவிஷன். அடுப்பு தனித்தனிதான். ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டில் கேட்கும்; ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் எதிர் வீட்டிற்குத் தெரியும். நாம் இழந்தது இந்த அண்மையைத்தான்.

ஆகவே கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு, வேறு கேள்வி கேட்போம். பக்கத்து வீட்டில் இருந்த உறவு பாலத்துக்கு அந்தப் பக்கம் போன பிறகு, அந்த உறவின் கடமைகள் என்ன ஆகும்? எவற்றைக் காப்பாற்ற வேண்டும்? எவற்றுக்கு எல்லை போட வேண்டும்? இதற்குப் பத்து காவானை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். தோட்டம், நகரம், தொழிற்சாலை, பாலம் என்ற மாற்றம் முழுவதையும் முப்பது ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்ட ஊர் அது.

பெயரிலேயே கடமை

முதலில் நம் உறவுப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் அக்காள் பெரியம்மா, தங்கை சின்னம்மா. இவர்கள் எல்லாருடைய பெயரிலும் ‘அப்பா’வும் ‘அம்மா’வும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இவர்களின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. அப்பாவின் அக்காளும் தங்கையும் மட்டும் அத்தை; அம்மாவின் அண்ணனும் தம்பியும் மட்டும் மாமா. இவர்களின் பிள்ளைகள் முறைப்பிள்ளைகள். பெற்றோரின் உடன்பிறப்புகளை இப்படி இரண்டு பக்கமாகப் பிரிக்கும் இந்த அமைப்பு வெளிநாட்டு அறிஞர்களையும் வியக்க வைத்தது. 1871-இல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், உலக மக்களின் உறவுமுறைகளை ஒப்பிட்டு எழுதிய பெரிய நூலில், தமிழரின் உறவுப் பெயர்களும் வட அமெரிக்காவின் இரக்குவா பழங்குடியினரின் உறவுப் பெயர்களும் ஒரே அமைப்பில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

நமக்கு இதில் முக்கியமானது வேறு. நம் மொழியில் உறவுப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு வேலைப் பட்டியல். தாய்மாமன் என்றால் காது குத்துக்கு மடியில் உட்கார வைப்பவர். அக்காள் மகள் வயதுக்கு வந்தால் சீர் கொண்டு வருபவர். கல்யாணத்தில் மாலையோடு நிற்பவர். அத்தை என்றால் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலிருந்து முன்வரிசையில் நிற்பவர். பங்காளி என்றால் சொத்தில் பங்கு, தீட்டிலும் பங்கு.

இந்த உறவுமுறையின் வலிமையை நம் நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொண்டது. 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், நெருங்கிய இரத்த உறவுக்குள் திருமணம் கூடாது என்று விதித்தது. ஆனால் இந்துக்களின் வழக்கத்தை எண்ணி, தாய்மாமன் தன் அக்காள் மகளை மணப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. நெருங்கிய இரத்த உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உறவைக் காப்பாற்ற அதற்குள்ளேயே பெண் எடுக்க வேண்டிய காலம் இது அன்று.

இன்று நம் பிள்ளைகள் மாமாவையும் சித்தப்பாவையும் ‘அங்கிள்’ என்கிறார்கள். அத்தையும் சின்னம்மாவும் ‘ஆண்ட்டி’. கடைக்காரரும் அங்கிள், வேன் ஓட்டுபவரும் அங்கிள். கூப்பிடுவதில் தவறில்லை. ஆனால் பெயர் தேய்ந்தால், அந்தப் பெயருக்குள் இருந்த வேலைப் பட்டியலும் தேய்ந்துவிடும். அந்தப் பட்டியலை வேறு எங்கேயாவது பாதுகாக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

கரும்பிலிருந்து பாலம் வரை

பத்து காவான், தென் செபராங் பிறையில் ஆறுகளும் கடலும் சூழ்ந்து, ஒரு காலத்தில் தீவாகவே இருந்த நிலம். 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. அந்தக் கரும்புக் காடுகளுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கொண்டு வரப்பட்டார்கள். பின்னர் கரும்பு மறைந்தது. ரப்பரும் செம்பனையும் வந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

உறவுக் கதையில் கங்காணி முறைக்கு ஒரு தனி இடம் உண்டு. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய், தன் சொந்தத்திலும் சாதியிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டி வந்தார். ஆகவே தோட்டத்துக்கு வந்தவர்களில் பலர் முன்பே ஏதோ ஒரு முறையில் உறவு. உறவு இல்லாதவர்களும் ஒரே ஊர், ஒரே கப்பல் என்ற பந்தத்தால் மாமன் மச்சான் ஆனார்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தன் மாமனே கங்காணியாகவும் இருந்தால், கூலி குறைந்தது என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது? உறவு அன்றைக்கே பாதுகாப்பாகவும் இருந்தது, பூட்டாகவும் இருந்தது.

1990-களில் பத்து காவானின் முகம் மாறத் தொடங்கியது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோட்டத்து நிலத்தில் ஒரு புதிய நகரத்தைத் திட்டமிட்டது. 2000-இல் மாநில விளையாட்டரங்கம் எழுந்தது. 2014 மார்ச் 1-இல் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. மின்னியல், மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 2019-இல் ஐக்கியா கடையும் வந்தது. பழைய பெயரை இன்னும் சுமந்துகொண்டிருப்பவற்றில் ஒன்று நம் தமிழ்ப்பள்ளி. அதன் பெயர் இன்றும் ‘பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி’.

தோட்டம் போனதைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்ட வீடு. வேலை முடிந்தால் வீடும் முடியும். ஓய்வு பெற்ற தகப்பன் அங்கேயே இருக்க வேண்டுமானால், மகனோ மருமகனோ அதே தோட்டத்தில் வேலையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பெற்றோரைப் பிள்ளைகள் கூட வைத்துக்கொண்டதில் பாசம் எவ்வளவோ, வேறு வழியில்லாமையும் அவ்வளவு. இன்றைக்கு நமக்கென்று தாமானில் ஒரு வீடு, பிள்ளைக்குப் படிப்பு, மகளுக்குச் சம்பளம். இவற்றைக் கொடுத்துவிட்டு யாரும் லயத்துக்குத் திரும்பிப் போகத் தயாராக இல்லை. போகவும் வேண்டாம்.

அண்மை செய்த வேலைகள்

ஆனால் அந்த அண்மை, நமக்குத் தெரியாமலேயே சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தது.

ஒன்று, பிள்ளை வளர்ப்பு. விடியற்காலைப் பெரட்டுக்கு அம்மா போனால் குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை பாட்டியிடமோ அத்தையிடமோ இருக்கும். யாரும் யாரையும் கேட்டு ஏற்பாடு செய்யவில்லை.

இரண்டு, சாவு வீடு. சேதி போன அரை மணி நேரத்தில் பந்தல் போட ஆள், தேநீர் போட ஆள், மாலை வாங்க ஆள். பதினாறாம் நாள் கருமக்கிரியை வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

மூன்று, பணம். வங்கி எட்டாத தூரத்தில் இருந்தது. நம்மவர்கள் கூட்டு கட்டினார்கள். பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். இதை நம்பிக்கைதான் நடத்தியது. நம்பிக்கை மோசம் போன இடங்களும் உண்டு. அரசாங்கம் 1971-இல் கூட்டுத் தடைச் சட்டத்தையே கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது.

நான்கு, கண்காணிப்பு. ஒருவர் குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தால் மாமனார் வீடு இரண்டு கதவு தள்ளி. இது சில பெண்களைக் காப்பாற்றியது. வேறு சில பெண்களுக்கு, “வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும்” என்று வாயை அடைத்தது. 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்த பிறகும், புகார் கொடுக்கப் போகிற பெண்ணைப் பாதி வழியில் திருப்பி அழைத்து வருவது பெரும்பாலும் உறவினர்கள்தான். உறவைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். உறவின் முதல் கடமை அடிபட்டவர் பக்கம் நிற்பது. அடித்தவரின் மானத்தைக் காப்பது எந்த முறைப் பெயரிலும் அடங்காது.

அந்தப் பட்டியலில் கெட்டது போனதற்காக வருந்த வேண்டியதில்லை. நல்லதும் கூடவே போய்விட்டதே என்பதுதான் கவலை.

தாய்மாமன் கிடைப்பாரா?

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1970-இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 குழந்தைகள். 2022-இல் அது 1.6. இந்தியர்களிடையே அதற்கும் குறைவு. ஒரு வீட்டில் வாழ்பவர்களின் சராசரி எண்ணிக்கை, 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4.6, 2020-இல் 3.8.

இந்த எண்களை உறவுப் பெயர்களாக மாற்றிப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு நான்கு உடன்பிறப்புகள். அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தை வழியில் மட்டும் நான்கு பேர், தாய் வழியில் இன்னும் நான்கு பேர் என்று பெரியப்பா, அத்தை, மாமா, சின்னம்மா. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய்மாமன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் திருமணம் செய்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குச் சொந்த மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பண்பாட்டைக் காப்போம் என்று எவ்வளவு உரக்கப் பேசினாலும் பிறக்காத தாய்மாமனைச் சடங்குக்கு அழைக்க முடியாது.

அதே நேரத்தில் முதியவர்கள் பெருகுகிறார்கள். 2030 வாக்கில் நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது கணிப்பு. தாங்க வேண்டிய தோள்கள் குறைகின்றன. சாய வேண்டிய தலைகள் கூடுகின்றன. முன்பு ஐந்து பேர் பகிர்ந்த சுமையை இனி ஒருவரோ இருவரோ சுமக்க வேண்டும். ஆகவே, “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்ற பழைய வார்த்தை இனிச் செல்லாது. அந்த ‘யாராவது’ இப்போது ஒரே ஒருவர்தான். பெரும்பாலும் அவர் பக்கத்தில் வசிக்கிற மகள், அல்லது மருமகள்.

உரசும் இடங்கள்

உறவுக் கடமை இன்றைக்கு எங்கே உரசுகிறது என்று மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, ஜாமீன் கையெழுத்து. தங்கை மகன் கார் வாங்குகிறான், அண்ணன் மகள் படிக்கக் கடன் எடுக்கிறாள். “மாமா, ஒரு கையெழுத்து மட்டும்தான்.” மறுத்தால் உறவு போகும், போட்டால், தவணை நின்றதும் கடிதம் மாமா வீட்டுக்கு வரும். 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்டு, லாப நோக்கமில்லாமல் இன்னொருவரின் படிப்புக்கோ சொந்த வாகனத்துக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்று ஆனது. நல்ல திருத்தம். ஆனால் கவனியுங்கள்: திவாலாக்க முடியாது என்றுதான் சட்டம் சொல்கிறது, கடனே கிடையாது என்று சொல்லவில்லை. வழக்குப் போட்டு வசூலிக்க வங்கிக்கு இன்னும் வழி இருக்கிறது.

இரண்டாவது, விடுப்பு. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவருக்குப் பெரியப்பா இறந்துபோனால் என்ன செய்வது? நம் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. நிறுவனங்கள் தங்கள் விதிப்படி கொடுக்கின்றன. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பெரியப்பா நமக்கு அப்பா முறை. நிறுவனத்துக்கு அவர் வெறும் ‘அங்கிள்’. வராத மகனை ஊர் பேசுகிறது. வந்த மகனுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது, சொத்து. தீபகற்ப மலேசியாவில், முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். முன்பு, மனைவி மக்கள் உள்ள ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. வயதான பெற்றோருக்கு ஒன்றுமில்லை. 1997-இல் திருத்தினார்கள். இப்போது கணவன் அல்லது மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. இவர்கள் யாருமே இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள், பிறகு தாத்தா பாட்டி, பிறகு பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று வரிசை போகும். யாரும் இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு. இரத்த உறவைச் சட்டம் மறக்கவில்லை என்பது சரிதான். ஆனால் பார்த்துக்கொண்டவர் யார் என்று அது கேட்பதில்லை. பிள்ளை இல்லாத பெரியம்மாவைப் பத்து ஆண்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வந்த தங்கை மகளுக்கென்று அந்தச் சட்டத்தில் தனிப் பங்கு கிடையாது. எட்டிப் பார்க்காத உடன்பிறந்தவருக்கு உண்டு.

சட்டம் எதுவரை வரும்?

இதையெல்லாம் சட்டம் போட்டுச் சரிசெய்யலாமே என்பார்கள். சிங்கப்பூர் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டு வந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிறகு அதையே திருத்தி, தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் முதலில் சமரசப் பேச்சு நடக்க வேண்டும் என்று வைத்தார்கள். வழக்கில் வென்று உறவில் தோற்றால் யாருக்கு லாபம் என்பதை அனுபவம் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியா 2007-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளை இல்லாத முதியவரின் சொத்து யாருக்குப் போகுமோ, அந்த உறவினருக்கும் பராமரிக்கும் கடமை உண்டு என்றது. பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் வழி வைத்தது. சொத்து வருகிற பக்கமே சுமையும் வரட்டும் என்பது நியாயமான சிந்தனை.

நம் நாட்டிலும் வரிச் சலுகை கொஞ்சம் விரிந்திருக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை இருந்த வரிக் கழிவு, 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் இல்லை.

ஆனால் எந்தச் சட்டமும் பணத்தைத்தான் வாங்கித் தரும். காலை ஏழு மணிக்கு அரசாங்க மருத்துவமனையில் எண் எடுத்துக்கொண்டு, மதியம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு மருமகளைச் சட்டத்தால் தர முடியாது. அதை உறவுதான் தர வேண்டும்.

ஒரே வீடு, தனி அடுப்பு

உறவும் நீடிக்க வேண்டும், சுமையும் ஒருவர் தலையில் விழக்கூடாது என்றால் என்ன வழி? பினாங்குக்கு நன்கு அறிமுகமான ஒரு சமூகத்திடமிருந்தே ஒரு பாடம் எடுக்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலைக் கட்டிய நகரத்தார்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கல்யாணமான மகன்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான். ஆனால் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம். புதுத் தம்பதிக்குப் பாத்திரம் பண்டம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோபத்தில் பிரிவது இல்லை. பெரியவர்களே முறையாகப் பிரித்து வைப்பது. கடல் கடந்து கடைக்கு ஆள் அனுப்பும்போதும் அப்படியே. போகிறவர் சொந்தக்காரரே ஆனாலும் மூன்று ஆண்டுக் கெடு, இவ்வளவு சம்பளம் என்று சம்பளச் சீட்டு எழுதினார்கள். அவர்கள் வழக்கத்தில் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. சீர்வரிசைச் சுமை அங்கும் பெரிது. ஆனால் உறவுக்குள் கணக்கு எழுதுவது அவமானம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

“உறவை ஒப்பந்தம் ஆக்கச் சொல்கிறீர்களா?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். கல்யாண வீட்டில் வாசலிலேயே மேசை போட்டு மொய் எழுதுகிறோமே, அது என்ன? இன்னார் இவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்கள் நம் பாட்டிமார்கள்தான். வள்ளுவரும் ‘சுற்றந்தழால்’ என்ற அதிகாரத்தை இல்லறவியலில் வைக்காமல், பொருட்பாலில் அரசியலின்கீழ் வைத்தார். சுற்றத்தைத் தழுவி வாழ்வது பாசத்தோடு நின்றுவிடுகிற காரியம் அன்று. அதற்கு நிர்வாகமும் வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

இனி நடைமுறைக்கு வருகிறேன். பெரிய செலவில்லாத நான்கு காரியங்கள்.

ஒன்று: வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். “அம்மாவை எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மருத்துவமனைக்கு யார், மருந்துச் செலவுக்கு யார், ஞாயிற்றுக்கிழமை கூட இருக்க யார் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர் பணம் தரட்டும். பக்கத்தில் இருப்பவர் நேரம் தரட்டும். நேரம் தருகிறவரைப் பணம் தருகிறவர் அதிகாரம் செய்யக்கூடாது.

இரண்டு: பணத்தில் பேச்சை முன்னாலேயே முடியுங்கள். ஜாமீன் கேட்டால், “தவணை நின்றால் என்னால் கட்ட முடியுமா?” என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்த ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, திரும்பி வராது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மறுப்பதால் வரும் மனத்தாங்கல் சில மாதங்களில் ஆறும். வங்கிக் கடிதத்தால் வரும் பகை ஆறாது. கடன் கொடுத்தால் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கேளாத கடனும் போகாத உறவும் கெடும் என்பது பழமொழி. எழுதாத கடன் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

மூன்று: உயில் எழுதுங்கள். உங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மகளோ தங்கை மகனோ இருந்தால், நன்றியை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தாளில் வையுங்கள். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயதானவர் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். எவருக்குச் சொத்து எழுதுகிறீர்களோ, அவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது.

நான்கு: முறையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சொந்தத் தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவின் பெரியப்பா மகன் மாமன்தான். அவனும் இல்லையென்றால், பக்கத்து வீட்டில் கூடப் பிறக்காத அண்ணனாக வளர்ந்தவர் மடியில் உட்கார வைக்கட்டும். கப்பலில் ஒன்றாக வந்தவர்களை மாமன் மச்சானாக்கிக்கொண்ட பரம்பரை நாம். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? அதுபோலவே, ஒரு காலத்தில் அண்ணன் தம்பிக்கு மட்டும் என்று இருந்த கடமைகளை மகள்களும் செய்கிறார்கள். மகள் கொள்ளி வைத்தால் என்ன என்று கேட்கிற வீடுகளும் வந்துவிட்டன. செய்ய மனமுள்ளவருக்கு இடம் கொடுப்பதுதான் முறை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லை போடுங்கள் என்று நான் சொன்னதை, தொடர்பை வெட்டுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டி இருந்தால் ஒட்டி உறவு என்பது எட்டியே போய்விடுவதற்குச் சொன்னது இல்லை. பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. “நான் செய்யவில்லையா?” என்று கேட்டுக் கடமையை வசூலிக்காதீர்கள். உங்களுக்குக் கதவுக்கு அடுத்த கதவு. அவர்களுக்கு 24 கிலோமீட்டர் பாலம், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கூடப் பிறந்தவர் ஒருவரோ இருவரோ. அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சுக்கு நல்ல நேரம் எது? குடும்பம் முழுவதும் கூடுகிற நாள் இப்போது அரிது. கல்யாணத்தில் யாருக்கும் பேச நேரமில்லை. மிஞ்சியிருப்பது பதினாறாம் நாள் காரியம். அன்றைக்கு எல்லாரும் வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். துணையை இழந்த ஒருவர் அந்த வீட்டில் தனியாக நிற்கிறார். அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் அரை மணி நேரம் தாமதித்துக் கிளம்புங்கள். இலை எடுத்த பிறகு, உறவுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, “இனி இவர்களை வாரம் ஒருமுறை பார்க்க யார் வருவது?” என்று கேளுங்கள். ஒரு பெயராவது அங்கேயே முடிவாகட்டும்.